மோர்பாத் ஆலயத்தின் கணக்குப் புத்தகம்



ஆண்டுக்கு ஒருமுறை திருப்பலியின் முடிவில் பங்கின் வரவு செலவுக் கணக்கை வாசிக்கிறோம். அன்று ஆலயத்தில் என்ன நடக்கும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். குழந்தைகள் சிணுங்கும். பின்வரிசையில் இருப்பவர்கள் மெல்ல வாசல் பக்கம் நகர்வார்கள். கணக்கில் குறை கண்டுபிடிக்க வந்தவர்கள் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பங்கு வாழ்க்கையில் இதைவிட வறண்ட அரைமணி நேரம் கிடையாது என்றுதான் குருக்களாகிய நாங்களும் உள்ளுக்குள் நினைத்துக்கொள்கிறோம்.

இன்று அப்படிப்பட்ட ஒரு கணக்குப் புத்தகத்தைப் பற்றித்தான் சிந்திக்கப் போகிறோம். அது இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில், ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது. எழுதியவர் அந்த ஊரின் பங்குத்தந்தை. ஆட்டு ரோமம் விற்ற காசும் மெழுகு வாங்கிய செலவும்தான் அதில் எழுதியிருக்கின்றன. ஆனால் ஒரு பங்கு எப்படி வாழ்ந்தது, அந்த வாழ்வு அதன் கையிலிருந்து எப்படிப் பறிக்கப்பட்டது என்பதை இவ்வளவு நெருக்கமாகச் சொல்லும் ஏடு அந்தக் காலத்திலிருந்து அதிகம் கிடைக்கவில்லை.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் என்னும் பகுதி இருக்கிறது. அதன் வட எல்லையில் எக்ஸ்மூர் என்ற மேட்டு நிலம். மழையும் காற்றும் மிகுந்த அந்த மேட்டின் தென்விளிம்பில் இருக்கும் ஊர்தான் மோர்பாத். நாம் பேசும் காலத்தில் அங்கே 33 குடும்பங்கள் இருந்தன. எல்லாரும் ஆடு வளர்த்துப் பிழைத்தவர்கள். பெரிய பிரபு யாரும் அந்த ஊரில் குடியிருக்கவில்லை. நடுவில் புனித ஜார்ஜியார் பெயரில் ஓர் ஆலயம். அவ்வளவுதான் ஊர்.

1520-ஆம் ஆண்டில் அந்தப் பங்குக்குக் கிறிஸ்டோபர் ட்ரிக்கி என்ற இளங்குரு வந்து சேர்ந்தார். அவரும் டெவன்காரர்தான். ஊரார் அவரைச் சர் கிறிஸ்டோபர் என்று அழைத்தார்கள். அரசர் கொடுத்த பட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். பல்கலைக்கழகப் பட்டம் பெறாத குருக்களை அக்காலத்தில் மரியாதையாக அப்படி அழைப்பது வழக்கம். வந்தவர் 1574-இல் இறக்கும்வரை, 54 ஆண்டுகள், அதே பங்கில் இருந்தார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெட்டியைக் கட்டும் நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கிறது.

கணக்குக்குப் பொறுப்பு சட்டப்படி ஆலயப் பொறுப்பாளர்களுடையது. ஆனால் எழுத்தை அவர்தான் எழுதினார். எழுதியதை ஆண்டுதோறும் மக்கள்முன் உரக்க வாசித்தார். அதனால் அந்த ஏட்டில் பேச்சின் ஓசை இருக்கிறது. இப்போது கேளுங்கள், இன்னார் கொடுத்ததை மறவாதீர்கள், இவருக்காக மன்றாடுங்கள் என்று மக்களைப் பார்த்துப் பேசுகிற நடை. கொடுத்தவரின் பெயர் ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது என்பதில் அவருக்கு அப்படியொரு கவனம். கணக்கு வாசிப்பு அவருக்கு ஏறக்குறைய ஒரு வழிபாடு போலவே இருந்திருக்கிறது.

அந்த ஆலயத்தில் ஒரே ஒரு நிதி இருக்கவில்லை. புனித ஜார்ஜியார் நிதி, அன்னை மரியா நிதி, புனித சிட்வெல் நிதி, ஏழைகளின் பெயரில் எரியும் விளக்குக்கு ஒரு நிதி, ஊர் இளைஞர்களுக்கு ஒன்று, இளம்பெண்களுக்கு ஒன்று என்று பல இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பொறுப்பாளர்கள். நம் ஊர்ப் பக்த சபைகளை நினைத்துக்கொண்டால் ஓரளவு புரியும். பெரும்பாலான நிதிகளின் வேலை ஒன்றே ஒன்றுதான்: அந்தப் புனிதரின் சுரூபத்தின் முன் மெழுகுவிளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வது.

மெழுகுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஆடுகளிலிருந்து. இறக்கும் தறுவாயில் ஒருவர் தன் ஆட்டை அன்னை மரியாவுக்கோ புனித ஜார்ஜியாருக்கோ எழுதி வைப்பார். அந்த ஆடு ஆலய வளாகத்தில் நிற்காது. ஒரு குடும்பத்தின் மந்தையோடு சேர்ந்து மேயும். அதன் ரோமமும் குட்டியும் நிதிக்குச் சேரும். இப்படி ஆலயத்தின் ஆடுகள் ஊர் முழுவதும் வீடுவீடாகப் பங்கிடப்பட்டிருந்தன. எந்த ஆடு யார் வீட்டில் இருக்கிறது, எது குட்டி போட்டது, எது செத்தது, செத்த ஆட்டின் தோல் என்ன விலைக்குப் போனது என்பதெல்லாம் ஆண்டுதோறும் ஆலயத்தில் வாசிக்கப்பட்டன. ஒருவர் விளக்குச் செலவுக்கென்று தேனீக் கூட்டம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். மெழுகுக்கு இதைவிடப் பொருத்தமான காணிக்கை வேறென்ன இருக்க முடியும்!

இளைஞர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். ஆலயத்துக்குச் சொந்தமான வீட்டில் பார்லி மது காய்ச்சி, ஊருக்கு விருந்து வைத்து, கிடைத்த இலாபத்தை நிதியில் சேர்த்தார்கள். நம் மறைமாவட்ட மதுவிலக்குப் பணிக்குழுவினர் முகம் சுளிக்கலாம். ஆனால் அன்றைய இங்கிலாந்தின் கிராம ஆலயங்கள் பெரும்பாலும் அந்த விருந்துகளால்தான் நிமிர்ந்து நின்றன.

இந்த ஏற்பாட்டில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 33 வீடுகள், இத்தனை நிதிகள், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர்கள். கணக்குப் பார்த்தால், வளர்ந்தவர்களில் ஆலயப் பொறுப்பு ஏதாவது ஒன்றைத் தன் வாழ்நாளில் சுமக்காதவர் அரிது. கைம்பெண்களும் பொறுப்பேற்றார்கள். இளம்பெண்களின் நிதியை அந்தப் பெண்களே நடத்தினார்கள். பங்குப் பேரவை என்ற சொல்லே பிறக்காத காலம் அது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பொதுநிலையினரின் பங்கேற்பு என்று நாம் பேசத் தொடங்கியதில் ஒரு பகுதி அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

சர் கிறிஸ்டோபர் பங்குக்கு வந்த உடனே புனித சிட்வெல் சுரூபம் ஒன்றை ஆலயத்துக்குக் கொடுத்தார். சிட்வெல் எக்சிட்டர் நகரத்துப் புனிதை. சிற்றன்னை அவளுடைய நிலத்துக்கு ஆசைப்பட்டு அறுவடை ஆள்களை ஏவிவிட, அவர்கள் அரிவாளால் அவளை வெட்டிக் கொன்றார்கள் என்பதும், அவள் விழுந்த இடத்தில் ஊற்று பிறந்தது என்பதும் மரபுக் கதை. இந்தப் புனிதையை மோர்பாத் மக்கள் முதலில் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. போகப் போகத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டார்கள். தங்கள் செபமாலைகளை அவளுக்குச் சூட்டும்படி எழுதி வைத்தார்கள். வெள்ளியில் காலணி செய்து போட்டார்கள். பெண் குழந்தைகளுக்கு சிட்வெல் என்று திருமுழுக்குப் பெயர் இட்டார்கள். பங்குத்தந்தை தன் பக்தியை மக்கள்மேல் திணிக்காமல் பொறுமையோடு காத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

1534 நவம்பரில் ஒரு திருடன் ஏணி வைத்து ஆலயக் கூரைமேல் ஏறினான். ஏணியை மேலே இழுத்துக் கோபுரச் சன்னலில் சாத்தி, சன்னலை உடைத்து, மணிக்கூண்டு வழியாக உள்ளே இறங்கினான். திருப்பலிக் கிண்ணமும் புனிதையின் வெள்ளிக் காலணியும் போயின. தீ மூட்ட அவன் கொண்டுவந்த இரும்புத் துண்டை மட்டும் மறந்து போட்டுவிட்டுப் போனான். இதையெல்லாம் சர் கிறிஸ்டோபர் கணக்கு நடுவே துப்பறிவாளர் போல எழுதி வைத்திருக்கிறார். உடனே ஊர் இளைஞர்களும் இளம்பெண்களும் தாங்களாகவே கூடிப் பணம் திரட்டி, பங்குக்குச் செலவு வைக்காமல் புதிய கிண்ணம் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தை எழுதும்போது அவருடைய நெஞ்சு நிமிர்ந்திருக்கும் என்று தோன்றுகிறது.

ஊர் முழுக்கப் புனிதர்கள் என்று சொல்ல வரவில்லை. கோவில்பிள்ளைக்கு யார் எவ்வளவு தானியம் தரவேண்டும் என்ற சிக்கல் 1530-களில் கிளம்பி, சில ஆண்டுகள் ஊரையே இரண்டாக்கியது. கோவில்பிள்ளையாக இருக்க ஆள் கிடைக்காமல் திண்டாடினார்கள். குருவுக்கு இதில் ஏற்பட்ட தலைவலி ஏட்டில் நன்றாகத் தெரிகிறது. நமக்கு இது சற்று ஆறுதலாகவும் இருக்கிறது.

இனி, அந்தக் கறுப்பு உடையின் கதை.

இறந்தோருக்கான திருப்பலியில் குரு கறுப்பு உடை அணிவது அன்றைய வழக்கம். மோர்பாத் ஆலயத்தில் நல்ல கறுப்பு உடை இல்லை. இறந்தோரை மறவாமல் நினைப்பதுதான் பங்கின் உயிர் என்று நம்பிய குருவுக்கு இது பெரிய குறை. ஆலய ஆடுகளின் ரோமத்தில் பத்தில் ஒரு பங்கு சட்டப்படி அவருக்கு வரவேண்டியது. அதை விட்டுக்கொடுத்து, அந்தப் பணத்தைக் கறுப்பு உடைக்கென ஒதுக்கினார். சில பென்னிகளாகச் சேர்ந்தது. மக்களும் தங்களால் இயன்றதைச் சேர்த்தார்கள். ஆண்டுக்காண்டு வாசிக்கப்படும் கணக்கில் அந்தத் தொகை நத்தை போல நகர்ந்தது. ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆயின. 1547-இல் உடை வந்து சேர்ந்தது.

1547 எப்படிப்பட்ட ஆண்டு என்பதைச் சொன்னால்தான் இதன் துயரம் விளங்கும். அரசர் 8-ஆம் ஹென்றி 1534-இல் திருத்தந்தையின் அதிகாரத்தைத் தள்ளிவிட்டுத் தன்னையே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர் ஆக்கிக்கொண்டார். 1538-இல் புனிதர்களின் சுரூபங்கள் முன் விளக்கு ஏற்றக் கூடாது என்று ஆணை வந்தது. மோர்பாத்தில் அத்தனை நிதிகளும் எரியவைத்த விளக்குகள் அணைந்தன. ஆனாலும் திருப்பலி தொடர்ந்தது, இறந்தோருக்கான செபமும் தொடர்ந்தது. 1547 சனவரியில் ஹென்றி இறந்தார். ஒன்பது வயதுச் சிறுவன் 6-ஆம் எட்வர்டு அரியணை ஏறினான். அவனைச் சூழ்ந்திருந்தவர்கள் பழைய நம்பிக்கையை வேரோடு பிடுங்க முனைந்தார்கள். சுரூபங்கள் அகற்றப்பட்டன. உத்தரிக்கும் தலம் பற்றிய போதனை பொய் என்று அறிவிக்கப்பட்டது. இறந்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பதற்கென்று முன்னோர் விட்டுச்சென்ற சொத்துக்களை அரசு எடுத்துக்கொண்டது. 20 ஆண்டுகள் பென்னி பென்னியாய்ச் சேர்த்து வாங்கிய உடைக்கு, வாங்கிய சில மாதங்களிலேயே வேலை இல்லாமல் போயிற்று.

அடுத்து வந்தது அதைவிட மோசம். ஆலயத்தின் ஆடுகள் விற்கப்பட்டன. நிதிகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. இளைஞர், இளம்பெண்கள் பொறுப்பாளர் பட்டியலும் நின்றுபோயிற்று. மது விருந்தும் இல்லை. அரசு ஆணைகளை நிறைவேற்றும் செலவு மட்டும் மிஞ்சியது. பலகையை இடி, சுவரை வெள்ளையடி, புதிய நூலை வாங்கு. பங்கு கடனில் விழுந்தது. 1548-இல் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் லூசி சீலி என்ற பெண். அவருடைய காலத்தில் ஆலயப் பொருள்கள் விற்கப்பட்டன, யாரும் எதையும் கொடுக்கவில்லை, அந்தச் சரிவு பொறுப்பாளருக்குப் பின் பொறுப்பாளராகத் தொடர்ந்தது என்று சர் கிறிஸ்டோபர் பின்னாளில் வரிசையாகப் பெயர் சொல்லி எழுதுகிறார். அந்தப் பெண்மீது குற்றம் சுமத்தும் நோக்கம் அதில் இல்லை. பாவம், அந்த ஆண்டில் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருந்தது.

1549 பெந்தக்கோஸ்து விழாவில் புதிய ஆங்கில வழிபாட்டு நூல் நாடெங்கும் கட்டாயமானது. மறுநாள் டெவனில் சாம்ப்ஃபோர்டு கோர்ட்னி என்ற ஊரில் மக்கள் தங்கள் குருவைப் பழைய திருப்பலியையே நிறைவேற்ற வைத்தார்கள். அது கலகமாகப் பரவியது. கார்ன்வால் மக்களும் சேர்ந்துகொண்டு எக்சிட்டர் நகரை ஐந்து வாரம் முற்றுகையிட்டார்கள். இலத்தீன் திருப்பலியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். தாய்மொழித் திருப்பலியை மகிழ்ச்சியோடு வரவேற்ற நமக்கு இது விந்தையாகப் படலாம். மொழி மட்டும்தான் சிக்கல் என்றால் இத்தனை பேர் உயிரைக் கொடுத்திருக்க மாட்டார்கள். விளக்கையும் சுரூபத்தையும் செத்துப்போன தாய் தந்தைக்கான செபத்தையும் இழந்தவர்கள் அவர்கள்.

மோர்பாத் கணக்கில் அந்த ஆண்டுக்குரிய சில வரிகள் இருக்கின்றன. ஐந்து இளைஞர்களுக்கு ஆயுதமும் வழிச்செலவும் பங்குப் பணத்திலிருந்து கொடுக்கப்பட்டிருக்கின்றன. அவர்கள் போன இடம் புனித தாவீது மேடு. எக்சிட்டருக்கு வெளியே கலகக்காரர்கள் பாளையம் இறங்கியிருந்த இடம் அது. ஆக, பங்கே தன் பிள்ளைகளைக் கலகத்துக்கு அனுப்பியது. அதைப் பங்குத்தந்தை தன் கையாலேயே எழுதி வைத்தார். அரசுப் படை ஆகஸ்டு மாதத்தில் கலகத்தை நசுக்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். எக்சிட்டரின் புனித தோமா ஆலயத்துக் குரு ராபர்ட் வெல்ஷ் என்பவரைத் திருப்பலி உடையோடு, அவருடைய ஆலயக் கோபுரத்திலேயே தூக்கிலிட்டுத் தொங்கவிட்டார்கள். மோர்பாத்திலிருந்து போன ஐவரில் சிலருடைய பெயர் பிறகு ஏட்டில் வரவே இல்லை. அவர்களும் சர் கிறிஸ்டோபர் வளரப் பார்த்த பிள்ளைகள்தான்.

1553-இல் எட்வர்டு இறந்து, கத்தோலிக்கரான மேரி அரசியானார். அப்போது நடந்ததைப் படிக்கும்போது நமக்கே கண் கலங்குகிறது. வீடுகளின் பரணிலிருந்தும் வைக்கோல் போரிலிருந்தும் வந்தவையோ என்னவோ, ஒளித்து வைத்திருந்த பொருள்களை மக்கள் ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள். ஒருவர் மரியாவின் சுரூபத்தைக் கொண்டுவந்தார்.  சிலுவை மாடத்திலிருந்து பிடுங்கப்பட்ட சித்திரப் பலகைகளும் பழைய திருவழிபாட்டு நூல்களும் வந்தன. யார் யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று குரு பெயர் பெயராக எழுதி, இவர்கள் உண்மையான கிறிஸ்தவர்களாக நடந்துகொண்டார்கள் என்று பாராட்டுகிறார். பிடிபட்டிருந்தால் தண்டனை நிச்சயம். ஆனாலும் 33 வீடுகள் ஆறு ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தன.

அந்த மகிழ்ச்சி ஐந்தே ஆண்டுகள் நீடித்தது. 1558-இல் மேரி இறந்தார். எலிசபெத்தின் ஆட்சியில் பீடம் மறுபடியும் இடிக்கப்பட்டது. எக்சிட்டர் ஆயர் ஜேம்ஸ் டர்பர்வில் அரசிக்கு உறுதிமொழி எடுக்க மறுத்துப் பதவியை இழந்தார். நாட்டிலிருந்த ஏனைய ஆயர்களும், ஒருவரைத் தவிர, அப்படியே செய்தார்கள். சர் கிறிஸ்டோபர் என்ன செய்தார்? பணிந்தார். புதிய வழிபாட்டு நூலை எடுத்துக்கொண்டு அதே ஆலயத்தில் நின்றார். இறக்கும்வரை இன்னும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அங்கேயே பணி செய்தார்.

இவரை என்னவென்று சொல்வது? மறைசாட்சிகளின் வரிசையில் இவர் இல்லை. இவர் இறந்த மூன்று ஆண்டுகள் கழித்து, 1577-இல், அதே டெவனில் பிறந்த புனித கத்பர்ட் மெய்ன் என்ற குரு கார்ன்வாலின் லான்செஸ்டனில் கொல்லப்பட்டார். முதலில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்து, மனம் மாறி, வெளிநாட்டில் குருத்துவப் பயிற்சி பெற்றுத் திரும்பி வந்து உயிர்கொடுத்தவர் அவர். 1970-இல் திருத்தந்தை 6-ஆம் பவுல் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அவரை வைத்துப் பார்த்தால் மோர்பாத் குரு சிறுத்துப்போகிறார். குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்த நாள்களில், இப்படிப் பணிந்துபோனவர்களைப் பற்றி நாம் கடுமையாகத்தான் தீர்ப்புச் சொன்னோம்.

பங்குகளில் முடி நரைத்த பிறகு அவ்வளவு எளிதாகச் சொல்ல வரவில்லை. நம்பிக்கையின் உண்மைகள் பேரம் பேசத்தக்கவை அல்ல. இதில் நமக்கு ஐயமில்லை. திருப்பலியை விட்டுக்கொடுத்தது பெரிய இழப்பு, அதைக் குருவே செய்தது அதைவிடப் பெரிய இழப்பு. ஆனால் அவர் போயிருந்தால் அந்த 33 வீடுகளுக்கு யார் வந்திருப்பார்கள்? அவர் திருமுழுக்குக் கொடுத்தவர்கள், மணமுடித்து வைத்தவர்கள், எவருடைய தந்தை எந்த ஆட்டை எந்தப் புனிதருக்குக் கொடுத்தார் என்று அவருக்கு மட்டுமே நினைவிருந்தவர்கள். அவர்களை விட்டுப் போக அவரால் முடியவில்லை என்று நாம் நினைக்கிறோம். அச்சமும் இருந்திருக்கலாம், கோபுரத்தில் தொங்கிய குருவை எண்ணிப் பார்த்தால். ஏட்டில் இதற்கு விளக்கம் எதையும் அவர் எழுதவில்லை. கடைசி ஆண்டுகளிலும், ஆலயத்துக்கு யாராவது சிறு உதவி செய்தால், பழையபடி பெயரைச் சொல்லி நன்றியோடு குறித்து வைக்கிறார்.

1574-இல் அவர் இறந்து, தன் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அந்த ஏடு பிழைத்துக் கிடந்தது. 1904-இல் எர்ஸ்கின் பின்னி என்ற ஆங்கிலிக்கன் குரு அதைப் படியெடுத்து அச்சிட்டார். கேம்பிரிட்ஜ் பேராசிரியராக இருந்த கத்தோலிக்க வரலாற்று அறிஞர் ஈமன் டஃபி 2001-இல் மோர்பாத்தின் குரல்கள் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதிய பிறகுதான் உலகம் இந்த ஊரைக் கேள்விப்பட்டது.

ஆலயம் இன்றும் இருக்கிறது, ஆங்கிலிக்கன் பங்கு ஆலயமாக. 19-ஆம் நூற்றாண்டில் அதைப் பெரிய அளவில் புதுப்பித்து, கோபுரத்துக்கும் புதுக் கூரை போட்டுவிட்டார்கள். சர் கிறிஸ்டோபர் கண்ட பொருள்களில் அங்கே மிஞ்சியவை மிகக் குறைவு. சிட்வெல் சுரூபமும் வெள்ளிக் காலணியும் கறுப்பு உடையும் அந்த ஏட்டில் மட்டும் இருக்கின்றன, யார் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பெயர்களோடு. சுற்றிலும் இன்னும் ஆடுகள் மேய்கின்றன.